ஜாம்பி புனைவில் சாதாரண மனிதர்கள்

ஜாம்பி புனைவு என்பது இறந்தவர்கள் எழுந்து உயிரோடிருப்பவர்களைத் தாக்கும் பேரழிவையும், அதில் தப்பிப் பிழைக்க முயலும் சிறு மனிதக் குழுக்களையும் சொல்லும் திகில் புனைவு வகை. நாவல், திரைப்படம், வரைகதை, தொலைக்காட்சித் தொடர், கணினி விளையாட்டு எனப் பல வடிவங்களில் இது பரவியிருக்கிறது. இவ்வகையின் மையப் பாத்திரங்கள் பெரும்பாலும் எந்தத் தனித் திறனும் இல்லாதவர்கள். தொழிற்சாலை ஊழியர், நிதி நிறுவன அலுவலர், பள்ளிச் சிறுமி, வீட்டு வேலை செய்பவர் போன்றவர்களே கதையைத் தாங்குகிறார்கள்.

அலையும் பிணங்களைப் பற்றிய பயம் இவ்வகையின் மேல்தளம் மட்டுமே. அதன் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. எதிரே வருபவர் இன்னும் மனிதரா, அல்லது சுட வேண்டிய உடலா என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்வியைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட படைப்புகளே காலம் கடந்து நிற்கின்றன. அதைத் தவிர்த்தவை ஆயுதக் காட்சிகளின் தொகுப்பாகச் சுருங்கிவிட்டன. இந்தக் கட்டுரை ஐந்து படைப்புகளை இக்கேள்வியின் வழியே மதிப்பிடுகிறது.

தொடக்கம்: கரும்புத் தோட்டம்

ஜாம்பி என்னும் கருத்து கரீபியத் தீவு நாடான ஹைட்டியின் நாட்டார் நம்பிக்கையிலிருந்து வந்தது. அங்கே ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை, தின்பதில்லை. மந்திரவாதி ஒருவன் கல்லறையிலிருந்து எழுப்பி, தன் வயலில் கூலியின்றி வேலை வாங்கும் உடல்தான் ஜாம்பி. உப்பைச் சுவைத்தால் அதற்குத் தான் இறந்துபோனது நினைவுக்கு வரும், உடனே தன் கல்லறைக்குத் திரும்பிச் செல்லும் என்ற நம்பிக்கையும் உண்டு.

ஹைட்டி பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்தபோது ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் கரும்பு விளைந்த நிலம். அடிமைக்குச் சாவு ஒன்றுதான் விடுதலை. செத்த பிறகும் வேலை வாங்கப்படுவோம் என்பதே அந்த மக்கள் கற்பனை செய்ய முடிந்த உச்சபட்சக் கொடுமை. ஹைட்டியின் ஜாம்பி கதையில் அச்சத்துக்குரியவன் ஜாம்பி அல்ல, அதன் எஜமான். கேட்பவரின் பயம் ஜாம்பி தன்னைப் பிடித்துவிடும் என்பதல்ல, தானே ஜாம்பி ஆக்கப்பட்டுவிடுவோம் என்பது.

அமெரிக்கா 1915 முதல் 1934 வரை ஹைட்டியை ஆக்கிரமித்திருந்தது. அக்காலத்தில் அங்கே சென்ற வில்லியம் சீப்ரூக் எழுதிய 'த மேஜிக் ஐலண்ட்' என்னும் பயண நூல் 1929ல் வெளியாகி, ஜாம்பி என்ற சொல்லை அமெரிக்க வாசகர்களிடம் பரப்பியது. 1932ல் பெலா லுகோசி நடித்த 'வைட் ஜாம்பி' திரைப்படம் வந்தது. அதில் கரும்பாலையில் சோர்வறியாமல் செக்கைச் சுற்றும் உடல்களைக் காட்டும் காட்சி, இந்த நம்பிக்கையின் உழைப்புச் சுரண்டல் வேரை இன்னமும் காட்டுகிறது. ஆனால் படத்தின் கவலை அவர்களைப் பற்றியதாக இல்லை. ஒரு வெள்ளைப் பெண் அவர்களைப் போல ஆகிவிடுவாளோ என்பதுதான் அதன் கவலை. பின்னால் வந்த பல படைப்புகளிலும் இந்த இடமாற்றம் தொடர்ந்தது. ஒடுக்கப்பட்டவனின் துயரமாக இருந்த உருவம், வசதியானவனின் வாசலில் நிற்கும் கூட்டமாக மாறியது.

ரிச்சர்ட் மாத்திசன்: கடைசி மனிதன்

ரிச்சர்ட் மாத்திசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' (1954) நாவலில் வருபவர்கள் இரத்தம் குடிக்கும் பேய்கள். ஜாம்பி என்ற சொல்லின் கீழ் இதைச் சேர்க்க முடியாது என்றாலும், நவீன ஜாம்பி கதையின் கட்டமைப்பு இதிலிருந்தே வருகிறது. நோயால் அழிந்த உலகம், பலகை அறைந்த வீடு, இரவெல்லாம் வெளியே நிற்கும் கூட்டம், உள்ளே ஒரு மனிதன். ஜார்ஜ் ரொமேரோ தன் முதல் படத்துக்கு இந்த நாவலே தூண்டுதல் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ராபர்ட் நெவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வசித்த ஒரு தொழிற்சாலை ஊழியன். நாவலின் பெரும்பகுதி அவனுடைய அன்றாட வேலைகள்தான். பூண்டு மாலை கட்டுகிறான், உடைந்த பலகையை மாற்றுகிறான், மரமுளைகளைக் கடைந்து வைக்கிறான், குடிக்கிறான், பாட்டு கேட்கிறான். இரவில் அவனைப் பெயர் சொல்லி வெளியே அழைப்பவன் பழைய பக்கத்து வீட்டுக்காரன், ஒன்றாக வேலைக்குப் போய் வந்தவன். திகில் இங்கே அந்நியத்திலிருந்து வரவில்லை, பழக்கத்திலிருந்து வருகிறது.

நாவலின் முக்கியமான திருப்பம் இறுதியில் இருக்கிறது. நோயுற்றவர்களில் ஒரு பகுதியினர் மருந்தால் நோயைக் கட்டுக்குள் வைத்து ஒரு புதிய சமூகத்தை அமைத்திருக்கிறார்கள். நெவில் பகலில் வீடு வீடாகச் சென்று கொன்றவர்களில் அவர்களும் இருந்தார்கள். அவனுக்கு வேறுபாடு தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவன் முயலவும் இல்லை. அவர்களுடைய பார்வையில், உறங்கும்போது வந்து கொல்லும் பயங்கர உருவம் அவன்தான். வாசகன் நூறு பக்கங்களுக்கு மேல் நெவிலுடன் இருந்து அவன் தனிமைக்காக வருந்தியபின் இந்த உண்மை வெளியாகிறது. தற்காப்பு என்று வாசகன் ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு கொலையும் கேள்விக்குள்ளாகிறது. இந்த நாவல் 1964, 1971, 2007 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை படமாக்கப்பட்டது. 2007ல் திரையரங்குகளில் வெளியான வடிவம் நெவிலை மனித குலத்தைக் காப்பாற்றும் தியாகியாக்கி, இந்தத் திருப்பத்தை முழுக்கவும் கைவிட்டது.

ஜார்ஜ் ரொமேரோ: பண்ணை வீடு

ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' 1968 அக்டோபரில் வெளியானது. ரொமேரோவும் ஜான் ரூஸ்ஸோவும் சேர்ந்து எழுதியது. பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரைச் சுற்றியுள்ள பகுதிகளில், ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. படத்தில் ஜாம்பி என்ற சொல் ஓரிடத்திலும் வருவதில்லை. வெளியீட்டின்போது தலைப்பை மாற்றிய விநியோகஸ்தர் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்க்கத் தவறியதால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுவுடைமை ஆனது. யார் வேண்டுமானாலும் நகலெடுத்துத் திரையிட முடிந்தது. இவ்வகை உலகெங்கும் பரவியதற்கு இந்தத் தவறும் ஒரு காரணம்.

ஏழு பேர் ஒரு பண்ணை வீட்டில் ஓர் இரவு சிக்கிக்கொள்கிறார்கள். மேல்தளத்தில் தங்கிக் கதவு ஜன்னல்களை அடைப்பதா, நிலவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வதா என்பது பென்னுக்கும் ஹாரி கூப்பருக்கும் இடையிலான சண்டை. பென் அமைதியானவன், செயல்படுபவன். கூப்பர் சிடுமூஞ்சி, கோழை. பார்வையாளர் இயல்பாகவே பென் பக்கம் நிற்கிறார். ஆனால் தப்பிக்கும் முயற்சியில் இளம் ஜோடி எரிந்து சாகிறது. அடைத்த பலகைகள் உடைகின்றன. கடைசியில் பென் விடியும் வரை உயிரோடிருப்பது அந்த நிலவறைக்குள் போய்த்தான். கூப்பரின் யோசனை சரியாக இருந்திருக்கலாம். கூப்பர் மட்டும் சரியில்லை. நல்லவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்னும் கதை வழக்கத்தை ரொமேரோ இங்கே உடைக்கிறார். அதேசமயம் நிலவறையும் பாதுகாப்பல்ல. கூப்பரின் மகள் கடிபட்டு அங்கேதான் கிடந்தாள், தாயைக் கொன்றதும் அங்கேதான். ஒன்றுபட்டிருந்தால் பிழைத்திருப்பார்களா என்ற கேள்விக்குப் படம் விடை சொல்வதில்லை. அவர்களால் ஒன்றுபட முடியவில்லை என்பதை மட்டும் காட்டுகிறது.

விடிந்ததும் ஷெரிஃபின் தலைமையில் துப்பாக்கி ஏந்திய ஊர்க்காரர்கள் வயல்வெளியில் வருகிறார்கள். சத்தம் கேட்டு பென் ஜன்னலருகே வருகிறான். தூரத்திலிருந்து ஒருவன் சுடுகிறான். பென் பேசவில்லை, பேசும்படி யாரும் கேட்கவுமில்லை. அவன் உடலைக் கொக்கிகளால் இழுத்துச் சென்று எரிப்பதை அசையாப் புகைப்படங்கள் காட்டப் படம் முடிகிறது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கருப்பினத்தவர். பாத்திரம் கருப்பினத்தவர் என்று எழுதப்படவில்லை, தேர்வுக்கு வந்தவர்களில் ஜோன்ஸே சிறந்த நடிகர் என்பதால் எடுத்தோம் என்றே ரொமேரோ சொல்லிவந்தார். ஆனால் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில், நாய்களோடும் துப்பாக்கிகளோடும் வந்த வெள்ளையர் கூட்டம் ஒரு கருப்பனைச் சுட்டு எரிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது கும்பல் கொலைகளின் புகைப்படங்களை நினைவூட்டாமல் இருந்திருக்காது. படைப்பாளி திட்டமிடாத பொருளையும் படைப்பு ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மேக்ஸ் புரூக்ஸ்: பலரின் வாய்மொழி

மேக்ஸ் புரூக்ஸின் 'வேர்ல்ட் வார் இசட்' (2006) நாவல், ஜாம்பிப் போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்ட நேர்காணல்களின் தொகுப்பு என்ற வடிவில் அமைந்தது. இரண்டாம் உலகப்போரில் பங்கெடுத்த எளியவர்களின் நினைவுகளைத் தொகுத்த ஸ்டட்ஸ் டெர்க்கலின் 'த குட் வார்' நூலே இதற்கு முன்மாதிரி. தனி நாயகன் இல்லாதது இந்நாவலின் பெரிய பலம். நேர்காணல் தருபவர் ஒவ்வொருவரும் சில பக்கங்கள் பேசிவிட்டு மறைகிறார்.

குளிர்ப்பிரதேசத்தில் ஜாம்பிகள் உறைந்துபோகும் என்று நம்பி வட கனடாவுக்குக் காரில் போகும் குடும்பத்தின் மகள் பேசும் பகுதி நாவலின் சிறந்த இடங்களில் ஒன்று. முதலில் ஏரிக்கரை முகாமில் பாட்டும் பகிர்வும் இருக்கிறது. பிறகு மரங்கள் தீர்கின்றன, உணவு தீர்கிறது, பகிர்வு நிற்கிறது. அக்குடும்பத்தைச் சிதைப்பது பசியும் குளிரும்தான், பிணங்கள் அல்ல. குஜராத்தின் அலங் கப்பலுடைப்புக் கடற்கரையும் ஒரு நேர்காணலில் வருகிறது. உடைப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட கப்பல்களில் ஏறித் தப்பிக்கலாம் என்று மக்கள் அங்கே குவிகிறார்கள். தென்னாப்பிரிக்கப் பகுதியில் வரும் ரெடெக்கர் திட்டம், சிலரைக் காப்பாற்ற மீதிப் பேரைத் தூண்டிலாக விட்டுவிடச் சொல்கிறது. அதை உருவாக்கியவன் நிறவெறி அரசுக்கு முன்பு திட்டம் தீட்டிக் கொடுத்தவன். உலகத்து அரசுகள் எல்லாம் அதையே பின்பற்றுகின்றன.

உழைப்பைப் பற்றிய பகுதியும் கவனத்துக்குரியது. போர்க்கால அமெரிக்காவில் நிறுவன ஆலோசகர்கள், முகவர்கள் போன்றோரிடம் பயனுள்ள கைத்தொழில் ஏதும் இல்லை என்று கண்டறியப்படுகிறது. அவர்களுக்குத் தொழில் கற்றுத் தருபவர்கள், முன்பு அவர்கள் வீடுகளைத் துடைத்த குடியேறிகள். ஜாம்பி கதை தன் கரும்புத் தோட்ட வேரை நினைவுகூரும் அரிதான இடங்களில் இது ஒன்று.

நாவலின் குறை அதன் குரல். ஜப்பானிய முதியவரும் அமெரிக்கச் சிப்பாயும் இந்தியத் தொழிலாளியும் ஒரே தாளத்தில், ஒரே வகைக் கிண்டலோடு பேசுகிறார்கள். வாய்மொழி வரலாறு என்ற வடிவம் கேட்கும் மொழி வேறுபாட்டை ஆசிரியரால் தர முடியவில்லை. 2013ல் வந்த திரைப்படம் பல குரல்களையும் நீக்கிவிட்டு, பிராட் பிட் நடித்த ஒற்றை நாயகனை உலகைச் சுற்றவிட்டது. தலைப்பைத் தவிர நாவலின் சாரம் அதில் மிகக் குறைவு.

கால்சன் வைட்ஹெட்: சராசரித்தனம்

கால்சன் வைட்ஹெட்டின் 'ஜோன் ஒன்' (2011) நியூயார்க் மன்ஹாட்டனின் தென்பகுதியில் மூன்று நாட்களில் நடக்கிறது. பேரழிவு நடந்து முடிந்துவிட்டது. பஃபலோ நகரிலிருந்து இயங்கும் தற்காலிக அரசு நகரத்தை மீட்கத் துப்புரவுக் குழுக்களை அனுப்பியிருக்கிறது. மார்க் ஸ்பிட்ஸ் என்ற பட்டப்பெயரால் மட்டுமே அறியப்படும் மையப் பாத்திரம் அக்குழு ஒன்றில் இருக்கிறான். பள்ளியில் முதலிடமும் வாங்கவில்லை, தோற்கவும் இல்லை. எல்லாவற்றிலும் நடுத்தரம். பழைய உலகில் எவர் கண்ணிலும் படாமல் ஒப்பேற்றிய அந்தச் சராசரித்தனமே புதிய உலகில் அவனை உயிரோடு வைத்திருக்கிறது.

இந்நாவலில் பிணங்கள் இருவகை. ஒருவகை தாக்கும். மற்றொருவகை தாம் வாழ்நாளில் பழகிய இடத்தில் அசையாமல் நிற்கும். நகலெடுக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்தபடி ஓர் ஊழியன் நின்றுகொண்டிருக்கிறான். அவர்கள் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்று துப்புரவுக் குழுவினர் ஊகித்து விளையாடுகிறார்கள். அந்த நிற்றலுக்கும் பழைய அலுவலக வாழ்க்கைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வாசகனே கேட்டுக்கொள்ளும்படி காட்சி அமைந்திருக்கிறது. உயிர்பிழைத்தவர்கள் பேரழிவு தொடங்கிய இரவைப் பற்றி மூன்று வகையில் சொல்வதும் நுட்பமான அவதானிப்பு. அந்நியருக்குச் சுருக்கமாக ஒன்று, சில நாள் பழகியவருக்குச் சற்றே விரிவாக ஒன்று, நெருங்கியவருக்கு முழுவதுமாக ஒன்று. துயரத்தை யாரிடம் எவ்வளவு சொல்வது என்ற கணக்கு எந்தப் பேரழிவிலிருந்தும் மீண்டவர்களுக்குப் பொருந்தும்.

மார்க் ஸ்பிட்ஸ் கருப்பினத்தவன் என்பது நாவலின் இறுதிப் பகுதியில்தான் தெரியவருகிறது. அவனுக்கு நீந்தத் தெரியாது. உலகப்புகழ் பெற்ற நீச்சல் வீரரின் பெயர் அவனுக்கு வைக்கப்பட்டதில் கருப்பர்களுக்கு நீந்த வராது என்ற பழைய ஏளனமும் கலந்திருக்கிறது. உலகமே அழிந்த பின்னும் அந்த ஏளனம் பிழைத்திருக்கிறது. அடர்த்தியான மொழியும் முன்னும் பின்னும் நகரும் நினைவுகளும் வேகமான திகில் கதையை எதிர்பார்ப்பவரைச் சலிப்படையச் செய்யலாம். ஆனால் அந்த வேகத்தைத் தடுப்பதே நாவலின் நோக்கம்.

ட்ரெயின் டு பூசான்: ஒரு குரல்

யோன் சாங் ஹோ இயக்கிய கொரியத் திரைப்படமான 'ட்ரெயின் டு பூசான்' (2016) சியோலிலிருந்து பூசான் செல்லும் அதிவேக ரயிலில் நடக்கிறது. நிதி நிறுவன அலுவலரான சோக் வூ தன் மகள் சு ஆனை அவள் தாயிடம் அழைத்துச் செல்கிறார். தன்னை மட்டும் பார்த்துக்கொள் என்று மகளிடம் சொல்லும் மனிதர் அவர். மகள் அதை ஏற்பதில்லை. நோய்க்கிருமி பரவக் காரணமான நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியதில் அவருடைய அலுவலகத்துக்கும் பங்குண்டு என்பது பின்னர் தெரிகிறது.

படத்தின் கொடூரமான காட்சியில் பிணங்கள் செய்வது குறைவு. பல பெட்டிகளைக் கடந்து உயிர்பிழைத்து வருபவர்களை, பாதுகாப்பான பெட்டியில் இருப்பவர்கள் உள்ளே விட மறுக்கிறார்கள். நோய் தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் போதுமானதாக இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் தன் சகோதரி மாறிப்போய் நிற்பதைக் கண்ட மூதாட்டி, உள்ளே இருப்பவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார். அது பழிவாங்கலா, வெறுப்பா, பாசமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முடிவில் சிறுமியும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருண்ட சுரங்கப்பாதையில் நடந்து வருகிறார்கள். மறுமுனையில் நிற்கும் இராணுவ வீரர்களால் அவர்கள் யாரென்று கண்டறிய முடியவில்லை. சுட உத்தரவு வருகிறது. அப்போது சிறுமி, தன் தந்தை கேட்பதற்காகப் பயின்று பள்ளியில் பாடி முடிக்க முடியாமல் போன பாட்டை அழுதபடியே பாடுகிறாள். துப்பாக்கிகள் தாழ்கின்றன. 1968ன் பண்ணை வீட்டு ஜன்னலில் நடந்ததற்கு இது நேர் எதிர். இரு காட்சிகளிலும் தொலைவில் ஓர் உருவம், குறிபார்க்கும் துப்பாக்கி, சில நொடிகள். பென்னுக்குக் கிடைக்காத அந்தச் சில நொடிகள் சிறுமிக்குக் கிடைக்கின்றன. படத்தில் மிகையுணர்ச்சி இருக்கிறது. தந்தையின் இறுதிக் காட்சி கண்ணீருக்காகவே நீட்டப்பட்டது. ஆனால் இந்த முடிவு அவ்வகையைச் சேர்ந்ததல்ல, முந்தைய காட்சிகளின் தர்க்கத்திலிருந்தே வருகிறது.

தமிழ்ச் சூழலில்

தமிழின் பேய்க்கதை மரபு ஜாம்பிக்கு நேர் எதிரானது. தமிழ்ப் பேய்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, தீராத ஆசையோ தீர்க்க வேண்டிய பகையோ உண்டு. அதனிடம் பேசலாம், படையலிட்டுச் சமாதானம் செய்யலாம், நியாயம் கேட்கலாம். ஜாம்பிக்கு இவை எதுவும் இல்லை. அது பெயரை இழந்த உடல். இதனாலேயே இவ்வகை தமிழில் தாமதமாக வந்தது எனலாம்.

சக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில் ஜெயம் ரவி நடித்த 'மிருதன்' (2016) தமிழின் முதல் ஜாம்பி திரைப்படமாகக் குறிப்பிடப்படுகிறது. ஊட்டியில் பணிபுரியும் போக்குவரத்துக் காவலர் ஒருவர் அதன் நாயகன். சமவெளிக்கு இறங்கும் மலைப்பாதை, சாதாரணக் காவலர் என்ற தேர்வுகள் வகைமைக்குப் பொருத்தமானவை. ஆனால் கையில் துப்பாக்கி வந்ததும் அவர் வழக்கமான சாகச நாயகராக மாறிவிடுகிறார். சுடப்படுபவர்கள் நேற்றுவரை அதே தெருக்களில் நடந்தவர்கள் என்ற எண்ணம் தங்கை தொடர்பான காட்சிகளைத் தவிர அதிகம் எழுவதில்லை. 2019ல் யோகி பாபு நடித்து வந்த 'ஜாம்பி' இவ்வகையை நகைச்சுவையாக்கியது.

வகைமையின் சிக்கல்

கொல்லப்படுபவர் ஏற்கெனவே இறந்தவர் என்பதால் ஜாம்பி கதை குற்ற உணர்வில்லாத கொலையை அனுமதிக்கிறது. பல படைப்புகள் இந்தச் சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டன. ஆயுதம் சேர்த்து வைப்பவனே அறிவாளி, கதவைத் திறப்பவன் முட்டாள், அந்நியன் எப்போதும் ஆபத்து என்ற பாடத்தை அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ராபர்ட் கிர்க்மேன் எழுதி 2003 முதல் 2019 வரை 193 இதழ்களாக வந்த 'த வாக்கிங் டெட்' வரைகதையும், அதையொட்டிய தொலைக்காட்சித் தொடரும் இந்தப் பாடத்துடன் நெடுங்காலம் போராடின. சில பகுதிகளில் அதை விமர்சித்தன, சில பகுதிகளில் அதற்கே இரையாயின.

உண்மையான பேரிடர்களில் மக்கள் நடந்துகொள்ளும் விதம் இப்பாடத்துடன் ஒத்துப்போவதில்லை. 2004 ஆழிப்பேரலையிலும் 2015 சென்னை வெள்ளத்திலும் முதலில் வந்தவர்கள் அக்கம்பக்கத்தவர்களே. படகு வைத்திருந்த மீனவர்கள் முன்பின் தெரியாதவர்களை ஏற்றினார்கள். பூட்டிய கதவுகளும் இருந்திருக்கும். ஆனால் பூட்டிய கதவை மட்டுமே மனித இயல்பு என்று காட்டும் புனைவு தன்னை யதார்த்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

மதிப்பீடு

இங்கே பேசப்பட்ட ஐந்து படைப்புகளும் தரத்தில் சமமானவை அல்ல. ரொமேரோவின் படமும் மாத்திசனின் நாவலும் வகைமையை உருவாக்கியவை என்பதோடு, அதன் முதன்மையான விமர்சனங்களாகவும் இருக்கின்றன. வைட்ஹெட்டின் நாவல் மொழியாலும் சிந்தனையாலும் இவற்றில் மிக முழுமையானது. புரூக்ஸின் நாவல் பரப்பால் முக்கியமானது, குரலால் பலவீனமானது. யோன் சாங் ஹோவின் படம் வெகுசன வடிவத்துக்குள் நின்றபடி ஒரு தார்மீகக் கேள்வியை இறுதிவரை கொண்டு சென்றது.

இவ்வகையில் புதிதாக ஒரு நூலை வாசிக்கும்போதோ படத்தைப் பார்க்கும்போதோ மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். சுடுபவன் சுடும் முன் எதிரில் இருப்பவரின் பெயரைக் கேட்கிறானா? கேட்காமல் சுட்டதற்குப் பின்னால் யாராவது விலை கொடுக்கிறார்களா? நெவில் கொடுத்தான். பென்னைச் சுட்டவர்கள் கொடுக்கவில்லை, அதனால்தான் அந்தப் படம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிம்மதியைக் கெடுக்கிறது.